கண் முகாம் நடத்தலாமா? அரவிந்த் குழுவோடு வேலை பார்க்கும் ஒரு வாலண்டியரின் மதிப்புரை

கூகுள் மேப்பில் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு நோயாளிகள் எழுதிய மதிப்புரை கொட்டிக் கிடக்கிறது. ஆனால் அவர்களுடைய இலவசக் கண் முகாமை ஊரில் எடுத்து நடத்துகிறவர்கள் பக்கத்திலிருந்து யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. சரி, நாமே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தேன். சிவகங்கை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. முகாமுக்கு நோட்டீஸ் அடித்துக் கொடுக்கப் போய், அதை நடத்துகிற எங்கள் ஊர்ச் சேவைச் சங்கத்துக்காரர்கள் அப்படியே என்னையும் வேலைக்குள் இழுத்துப் போட்டுவிட்டார்கள். இப்போது பக்கத்து ஊர்களிலிருந்து "நாங்களும் ஒண்ணு நடத்தலாம்னு இருக்கோம்ணே, சரிப்படுமா?" என்று வாட்ஸப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஆளுக்கொரு வாய்ஸ் நோட் போட்டு மாளவில்லை.

அவசரக்காரர்களுக்கு மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கூப்பிடலாம், கண்ணை மூடிக்கொண்டு கூப்பிடலாம் (கண் முகாமுக்கு இந்தச் சொல் அவ்வளவு பொருத்தமில்லைதான்). மருத்துவக் குழுவுக்கு ஐந்துக்கு ஐந்து. முகாம் என்ற பெயரில் நம்மூர்ச் சங்கங்கள் நடத்தும் பாராட்டு விழாக்களுக்கு ஐந்துக்கு ஒன்று, அந்த ஒன்றும் டீக்காக.

முதலில் யாருக்கு என்ன வேலை என்று பார்த்துவிடுவோம். இடம் பிடிப்பது, ஊர் ஊராகச் சொல்வது, வருகிறவர்களை வரிசையில் உட்காரவைப்பது, முகாம் அன்றைக்குச் சாப்பாடு, தண்ணீர், இதெல்லாம் நடத்துகிறவர் பொறுப்பு. பரிசோதனை, அறுவை தேவைப்படுகிறவர்களை அவர்களுடைய பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப் போவது, அறுவை, உள்ளே வைக்கிற லென்ஸ், அங்கே தங்கல், சாப்பாடு, சொட்டு மருந்து, திரும்பக் கொண்டுவந்து விடுவது, இதெல்லாம் அவர்கள் பக்கம். அறுவைக்கு நோயாளி கையிலிருந்து காசு போகாது. வண்டிச் செலவில் உங்கள் பங்கு உண்டா, எவ்வளவு என்பதை மட்டும் முதல் பேச்சிலேயே தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள், கடைசி நாளில் பேசினால் சங்கத்துக்குள்தான் சண்டை வரும்.

இடத்துக்குப் பள்ளிக்கூடம்தான் சரி. பார்வை அட்டையை ஆறு மீட்டர் தள்ளி மாட்ட நீளமான வராண்டா வேண்டும், ஜன்னலைச் சாத்தினால் இருட்டாகிற அறை வேண்டும், நிழல் வேண்டும், குழாய் வேண்டும், கழிப்பறை வேண்டும், முக்கியமாகப் படி இருக்கக் கூடாது. கல்யாண மண்டபம் பெரிதாக இருக்கிறதே என்று ஆசைப்படுவார்கள், வாசலில் எட்டுப் படி இருக்கும். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் படியே தெரியாது.

விளம்பரம் பற்றி, என் தொழிலுக்கு விரோதமாகவே ஓர் உண்மை சொல்கிறேன். கண்புரை முற்றிய ஆளுக்கு நோட்டீஸ் அடித்துக் கொடுப்பதைவிட வேடிக்கையான காரியம் எதுவும் கிடையாது. அவருக்கு எழுத்தும் தெரியாது, தாளும் தெரியாது. நோட்டீஸ் அவருடைய மகனுக்கும் மருமகளுக்கும் போக வேண்டியது. அவரிடம் போய்ச் சேருவது ஆட்டோவில் கட்டிய குழாய் ஸ்பீக்கர், ரேஷன் கடை வரிசை, நூறு நாள் வேலை நடக்கிற கண்மாய்க்கரை, பால் சொசைட்டி, மகளிர் குழுக் கூட்டம். இந்த இடங்களுக்கெல்லாம் நேரில் போய், முகத்தைப் பார்த்துப் பேசுகிற ஆள் வேண்டும். எங்கள் ஊரில் இந்த வேலையைச் செய்கிறவர்கள் ஓர் ஆட்டோக்காரத் தம்பி, ஒரு தையல்கார அக்கா, ஓய்வு பெற்ற கண்டக்டர் ஒருவர். மூன்று பேருக்கும் சம்பளம் கிடையாது. இவர்கள் இல்லாவிட்டால் அந்த வராண்டாவில் டாக்டர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

முகாம் அன்று காலையில் குழு வந்து இறங்குவதைப் பார்க்க வேண்டும். பெட்டிகளை இறக்கி, மேசைகளைத் திருப்பிப் போட்டு, கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரி ஆக்கிவிடுவார்கள். பெயர்ப் பதிவு, பார்வை அளவு, முதல் பார்வைச் சோதனை, கண் நீரழுத்தம், கண்ணீர்க் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது, கண்ணாடிப் பவர், பிபி, சர்க்கரை, கடைசியாகப் பெரிய டாக்டர். ஒவ்வொரு மேசையிலும் என்ன நடக்கும், அடுத்த மேசை எது என்று அவர்களே வாலண்டியர்களுக்குச் சொல்லிக் கொடுத்து, ஆளுக்கோர் இடம் பிரித்து நிறுத்திவிடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். வேறு எத்தனையோ முகாம்களில் வாலண்டியர் என்றால் பேட்ஜ் குத்திக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடக்கிற ஆள். இங்கே "அண்ணே, நீங்க மூணாவது மேசையிலேருந்து நாலாவதுக்கு மட்டும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க, வேற எதுவும் பார்க்க வேண்டாம்" என்று ஒரு சின்னப் பெண் வந்து சொல்லும். இருபது வயதுகூட இருக்காது. அதன் பேச்சைக் கேட்டு எங்கள் சங்கத் தலைவர் மதியம் வரை மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தார், ஒரு முனகல் இல்லை.

கண்ணாடி தேவைப்படுகிறவர்களுக்குப் பெரும்பாலும் அங்கேயே பிரேமில் போட்டு, குறைந்த விலைக்குக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். "அடுத்த வாரம் வந்து வாங்கிக்கங்க" என்றால் கிராமத்தில் அடுத்த வாரம் என்பது வரவே வராது. இதை யோசித்த ஆளுக்கே தனியாக ஒரு மதிப்பெண் கொடுக்கலாம்.

இனி, யாரும் எழுதாத கட்டத்துக்கு வருகிறேன். டாக்டர் "அறுவை பண்ணணும், இன்னைக்கே பஸ்ஸில் ஏறுங்க" என்று எழுதிக் கொடுத்த பிறகு, அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நோயாளி மரத்தடியில் வந்து உட்காருவார் பாருங்கள், அங்கேதான் முகாமின் வெற்றி தோல்வி இருக்கிறது. பாதிப் பேர் அங்கிருந்து நைசாக வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். கண்ணை வெளியே எடுத்து மேசைமேல் வைத்துக் கழுவித் திரும்ப வைப்பார்களாம் என்று ஒரு கதை இன்னும் ஊர்களில் உலவுகிறது. அது ஒரு பயம். ஆனால் என் அனுபவத்தில் அதைவிடப் பெரிய தடை வீட்டுப் பாடுதான்.

ஓர் அப்பத்தா, இரண்டு கண்ணிலும் புரை, ஒன்று பழுத்து வெள்ளையாகவே வெளியில் தெரிகிறது. பஸ் பக்கம் வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். பயமா என்றால் இல்லை. "ஆட்டுக்கு யாருப்பா தண்ணி காட்டுறது?" அவ்வளவுதான் பிரச்சினை. நான்கு ஆடு, ஒரு குட்டி. மகன் திருப்பூரில் இருக்கிறான். தையல்கார அக்கா அப்பத்தாவுக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் நம்பரை எங்கிருந்தோ வாங்கி, போனை ஸ்பீக்கரில் போட்டு, "அத்தே, நான் பாத்துக்கிறேன், நீ போயிட்டு வா" என்று அந்தப் பெண் வாயாலேயே சொல்லவைத்தார். சரி, கிளம்பு என்றால் அடுத்தது தோடு. கழற்றச் சொல்வார்களாமே, யாரிடம் கொடுப்பது? அக்கா அதைத் தாளில் மடித்து, எடையைக் கடைக்காரர் மாதிரி கையில் தூக்கிப் பார்த்து, நோட்டில் எழுதி, அப்பத்தாவின் கைநாட்டையும் வாங்கி, தலைவர் வீட்டுப் பீரோவுக்கு அனுப்பினார். மூன்றாவதாக வெற்றிலைப் பை. அதை விட்டுவிட்டு வர முடியாது என்றது அப்பத்தா. அதில் யாரும் தலையிடவில்லை, பையோடுதான் பஸ் ஏறியது. இந்தப் பேச்சுவார்த்தை மொத்தமும், பக்கத்துக் கூடத்தில் அறுவைக்கு எழுதிக் கொடுக்க டாக்டருக்கு ஆன நேரத்தைவிடப் பத்து மடங்கு இருக்கும்.

அரவிந்த்காரர்கள் இதைத் தொடக்கத்திலேயே புரிந்துகொண்டவர்கள். அறுவை இலவசம் என்று மட்டும் சொன்ன காலத்தில் சனம் வரவில்லை. பஸ் காசு, அங்கே சாப்பாடு, கூட ஓர் ஆள், அந்த ஆளுக்குப் போகிற கூலி, இதெல்லாம் சேர்ந்தால் இலவசம் இலவசமாக இருப்பதில்லை. அதனால்தான் கூட்டிப் போவதும் சோறு போடுவதும் கொண்டுவந்து விடுவதும் சேவைக்குள்ளேயே வந்தன. ஆனால் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டுவதற்கு எந்த மருத்துவமனையாலும் ஆள் போட முடியாது. அது ஊர்க்காரர்களால் மட்டும் ஆகிற வேலை.

மருத்துவமனைக்குள் என்ன நடக்கிறது என்று நம்பிக்கையில்லாமல் கேட்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. டாக்டர் வி என்று எல்லாரும் சொல்லும் கோ. வெங்கடசாமி எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்துக்காரர், 1918-இல் பிறந்தவர். பிரசவ மருத்துவராக வேண்டும் என்று நினைத்தவருக்கு முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களை வைத்துக்கொண்டே கண் அறுவை கற்று, தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட அறுவைகள் செய்தார். மதுரை அரசு மருத்துவமனையில் இருந்தபோதே 1960-களில் ஊர் ஊராகக் கண் முகாம் நடத்தியவர். 1976-இல் பணி ஓய்வு பெற்று, தங்கை, தம்பி, அவர்கள் குடும்பத்து டாக்டர்களைச் சேர்த்துக்கொண்டு மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கையோடு ஆரம்பித்ததுதான் அரவிந்த். நாட்டின் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியதும் அதே 1976-இல்தான். டாக்டர் வி 2006-இல் மறைந்தார்.

காசு கொடுக்கிறவர்கள் கொடுக்கும் பணத்தில்தான் கொடுக்க முடியாதவர்களுக்கும் சேர்த்து வண்டி ஓடுகிறது. அறையும் ஏசியும் வேறுபடும், டாக்டர்கள் இரண்டு பக்கமும் மாறி மாறிப் போவார்கள். அறுவை அரங்கில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேசை. ஒன்றில் வேலை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவரைத் தயார் செய்து வைத்திருப்பார்கள், முடிந்ததும் மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். தையல் போடாத சிறு வெட்டு முறையில் ஒரு கண்ணுக்குப் பத்து நிமிடம்கூட ஆவதில்லை. சுற்றி வேலை பார்க்கிற பெண்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற ஊர்களிலிருந்து பிளஸ் டூ முடித்துப் போய் அங்கேயே இரண்டு வருஷம் பயிற்சி பெற்றவர்கள். எங்கள் தலைவரை மூன்றுக்கும் நாலுக்கும் நடக்கவிட்ட பெண்ணும் அப்படிப் போனதுதான். அது பார்வை பார்க்கிற வேகத்தையும் கிழவிகளிடம் பேசுகிற தன்மையையும் பார்த்தால் இந்தப் பயிற்சிக்குத் தனியே ஒரு மதிப்புரை எழுத வேண்டும்.

இந்த இடத்தில் வெளிநாட்டு வாலண்டியர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை முழுமையாகாது. பெரியம்மை ஒழிப்பில் இந்தியாவில் வேலை பார்த்த லாரி பிரில்லியண்ட், நிக்கோல் கிராசே போன்றவர்கள் 1978-இல் சேவா என்ற அறக்கட்டளையை அமெரிக்காவில் தொடங்கியபோது டாக்டர் வியும் அதில் ஒருவர். அவர்கள் மூலமாக மதுரைக்கும் நேபாளத்துக்கும் வந்து போன கண் மருத்துவர்கள் கற்றுக் கொடுத்தவற்றில் முக்கியமானது கண்ணுக்குள் லென்ஸ் வைக்கிற முறை. அதுவரை புரையை எடுத்துவிட்டுச் சோடா புட்டிக் கண்ணாடி கொடுப்பார்கள், அது உடைந்தால் மனிதர் மறுபடியும் குருடர்தான். வெளிநாட்டு லென்ஸ் விலை ஏழைக்கு எட்டாது. ஏழை நாடுகளுக்கு லென்ஸ் எதற்கு, கண்ணாடி போதாதா என்று பெரிய இடங்களிலேயே பேசிய காலம் அது. சேவா வழியாக வந்த டேவிட் கிரீன் என்ற அமெரிக்கர் முதலில் இலவசமாக லென்ஸ்களைத் திரட்டிக் கொடுத்தார், பிறகு அதை இங்கேயே செய்துவிடலாம் என்று மதுரைக்காரர்களோடு சேர்ந்து இறங்கினார். 1992-இல் ஆரோலேப் என்ற லென்ஸ் தொழிற்சாலை வந்தது. லென்ஸ் விலை சில டாலருக்கு இறங்கியது, இன்றைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு மதுரையிலிருந்து லென்ஸ் போகிறது. வந்த வாலண்டியர், தான் இல்லாமலே வேலை ஓடும்படி செய்துவிட்டுப் போயிருக்கிறார். நூறு பொன்னாடை போர்த்தினாலும் இந்தக் கணக்கு தீராது.

அதே 1992-இல் பயிற்சிக்கென்றே லைக்கோ என்ற நிறுவனத்தை லயன்ஸ் அமைப்பும் சேவாவும் துணை நிற்க மதுரையில் தொடங்கினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் டாக்டர்கள், மருத்துவமனை நிர்வாகிகள் வந்து கற்றுக்கொண்டு போகிறார்கள். எங்கள் முகாமுக்கே ஒருமுறை குழுவோடு ஆப்பிரிக்க டாக்டர் ஒருவர் வந்திருந்தார். உள்ளே நடக்கிற பரிசோதனையை அவர் ஏற்கெனவே கரைத்துக் குடித்தவர் போலிருக்கிறது, அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. வெளியே வந்து எங்கள் ஆட்டோக்காரத் தம்பியைப் பிடித்துக்கொண்டார். ஸ்பீக்கரில் என்ன சொல்கிறாய், எந்த நேரத்தில் எந்த ஊருக்குப் போகிறாய், ஆண்கள் குடித்துவிட்டு வந்தால் என்ன செய்வாய், கேள்விமேல் கேள்வி. மருத்துவமனைப் பெண் ஒன்று மொழிபெயர்க்க, அவர் குறித்துக்கொண்டே இருந்தார். தம்பிக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவனிடம் வேலை சொன்னவர்கள்தான் உண்டு, அவன் வேலையைப் பற்றிக் கேட்டுக் கற்றுக்கொள்ள வந்தவர் அவர் ஒருவர்தான். ஒரு கேடயம் வாங்கியிருந்தால்கூட அவன் அதைப் பற்றி இவ்வளவு நாள் பேசியிருக்கமாட்டான்.

உலக அளவில் அறுவைத் தொண்டர்களைப் பாராட்டுகிற வழக்கம் இல்லாமல் இல்லை. அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி, வெளிநாடுகளில் இலவசமாக அறுவையும் பயிற்சியும் செய்கிற டாக்டர்களுக்கு விருது கொடுக்கிறது. மெர்சி ஷிப்ஸ் என்று மருத்துவமனைக் கப்பல் விடுகிறார்கள், அதில் வேலை பார்க்கிற வாலண்டியர்கள் தங்குவதற்குத் தாங்களே காசு கொடுத்துவிட்டு ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் வேலை செய்கிறார்கள். பாராட்ட வேண்டியவர்கள்தான், மறுக்கவில்லை. 2015-இல் லான்செட் மருத்துவ இதழின் உலக அறுவைச் சிகிச்சை ஆணையம் கணக்குப் போட்டபோது, 500 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான, கட்டுப்படியாகிற அறுவைச் சிகிச்சை எட்டவில்லை, வருஷத்துக்கு 14.3 கோடி அறுவைகள் கூடுதலாகத் தேவை என்று வந்தது. இவ்வளவையும் விமானம் ஏறி வந்து செய்துவிட முடியாது. அந்தந்த ஊரிலேயே ஆள் தயாராக வேண்டும்.

அதனால்தான் எனக்குப் பிடித்த பாராட்டு எத்தியோப்பியாக் கதை. கேத்தரின் ஹாம்லின், ரெஜினால்டு ஹாம்லின் என்ற மருத்துவத் தம்பதி 1959-இல் அடிஸ் அபாபாவுக்குப் போய், பிரசவக் கோளாறில் சிறுநீர் கசிந்துகொண்டே இருக்கிற பெண்களுக்கு அறுவை செய்தார்கள், பிறகு 1974-இல் அதற்கென்றே மருத்துவமனை கட்டினார்கள். 1962-இல் அவர்களிடம் நோயாளியாக வந்தவர் மமிட்டு காஷே, எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண். குணமான பிறகு அங்கேயே தங்கிப் படுக்கை விரித்தார், அப்புறம் அறுவை அரங்கில் கருவி எடுத்துக் கொடுத்தார், அப்புறம் தானே அறுவை செய்யக் கற்றுக்கொண்டார், கடைசியில் வெளிநாட்டிலிருந்து வந்த டாக்டர்களுக்கே அந்த அறுவையைச் சொல்லிக் கொடுத்தார். இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் 1989-இல் ஹாம்லின் தம்பதியோடு சேர்த்து அவருக்கும் தங்கப் பதக்கம் கொடுத்தது. அந்தச் சேர்த்துக் கொடுத்தது இருக்கிறதே, அதுதான் விஷயம். மேடையில் யார் யார் நிற்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் கொடுத்த பதக்கம் அது.

இப்போது நம்மூருக்கு வருவோம். அந்த ஐந்துக்கு ஒன்று எதற்கு என்று சொல்ல வேண்டுமே. எந்த ஊர், எந்தச் சங்கம் என்பதெல்லாம் வேண்டாம், உதவிக்குக் கூப்பிட்டார்கள் என்று நாங்கள் போயிருந்தோம். மருத்துவக் குழு எட்டு மணிக்கே மேசை போட்டுத் தயார். ஆனால் தொடக்க விழா முடியாமல் முதல் ஆளைப் பார்க்கக் கூடாதாம். சிறப்பு விருந்தினர் பத்தரைக்கு வந்தார். குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, பொன்னாடை, இன்னொரு பொன்னாடை, முதல் பொன்னாடை போர்த்தியவருக்குத் திருப்பி ஒரு பொன்னாடை. சர்க்கரை வியாதிக்காரர்கள் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு தாத்தா மயங்கிச் சாய்ந்ததும் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தது ஆட்டோவில் ஊர் ஊராகச் சுற்றி ஆள் சேர்த்த பையன். மேடையில் "தன்னலமற்ற சேவைச் செம்மல்" கேடயம் வாங்கிய ஐந்து பேரில் அவன் இல்லை. அவனைத் தண்ணீர் கேன் வாங்கக் கடைக்கு அனுப்பியிருந்தார்கள். அப்புறம், கட்டுப் போட்ட கண்ணோடு பாட்டிகளை வரிசையாக நிறுத்தி நடுவில் தான் நின்று போட்டோ எடுத்து பேஸ்புக்கில் போடுகிற வழக்கம் வேறு. அந்தப் பாட்டியிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

கேடயத்தின் மேல் எனக்கு வெறுப்பு எதுவும் இல்லை, என் கடையிலேயே சான்றிதழ் பிரிண்ட் போடுகிறேன், வருமானம்தானே. ஆனால் ஒரு விழாவுக்கு ஆகிற பணத்தில் வாலண்டியருக்கு உருப்படியாக என்னவெல்லாம் செய்யலாம் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் சங்கத்தில் கொஞ்சம் மாற்றிவிட்டோம். ஆட்டோ பெட்ரோலை அவரவர் கையிலிருந்து போடக் கூடாது, சங்கம் கொடுக்கும், அதுவும் கேட்பதற்கு முன்பே. முகாம் அன்று வாலண்டியருக்குச் சாப்பாடு கடைசிப் பந்தியில் கிடையாது. தொடக்க விழா என்று ஒன்று இல்லவே இல்லை, பேச வேண்டியவர்கள் மாலையில் வந்து பேசட்டும். (அப்படிச் சொன்னதும் பேச்சாளர்கள் பாதிப் பேர் வரவில்லை, அது கூடுதல் லாபம்.)

அப்புறம் சொட்டு மருந்து. அறுவை முடிந்து இரண்டொரு நாளில் ஆள் வீட்டுக்கு வந்துவிடுவார், உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான். முதல் வாரம் ஒரு நாளைக்கு இத்தனை தடவை, அடுத்த வாரம் ஒன்று குறைத்து, அதற்கடுத்த வாரம் இன்னும் குறைத்து என்று வாரக்கணக்கில் போகும். தனியாக இருக்கிற கிழவி தன் கண்ணில் தானே சொட்டு விட முடியுமா? கை நடுங்கிப் பாதி கன்னத்தில் வழியும், பாட்டில் முனை கண்ணில் பட்டால் அதுவே வினை. அடுப்புப் புகை, தலைக்குக் குளிப்பது, கண்ணைக் கசக்குவது, எல்லாவற்றையும் யாராவது பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். கையைக் கழுவுவது, கீழ் இமையை இழுத்துப் பிடிப்பது, முனை படாமல் ஒரு சொட்டு, இவ்வளவையும் குழுவில் வந்த சிஸ்டரிடமே கேட்டு எங்கள் வாலண்டியர்கள் பழகிக்கொண்டார்கள். தெருவுக்கு ஒருவர் பொறுப்பு. ஆட்டுக்கார அப்பத்தா வீட்டுக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணையே பழக்கிவிட்டோம். அவளுக்கும் இப்போது வாலண்டியர் லிஸ்டில் பெயர் இருக்கிறது, அடுத்த முகாமில் அவள் பதிவு மேசையில் உட்காரப் போகிறாள்.

மருத்துவமனைக் குழு சுமார் ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வரும். முகாம் அன்று வந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு இந்த நாளை யாரும் மதிப்பதில்லை, பத்திரிகைக்காரர்களும் வருவதில்லை. என்னைக் கேட்டால் வாலண்டியர்கள் தவறாமல் வர வேண்டிய நாள் இதுதான். யார் கையைப் பிடித்துப் பஸ் ஏற்றினீர்களோ அவர் அட்டையில் எத்தனை வரி படிக்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்கு ஈ எழுத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டி எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று கேட்பார்கள். அப்பத்தா ஐந்தாவது வரி வரைக்கும் கையைக் காட்டிக்கொண்டே போய்விட்டு, தையல்கார அக்காவைத் திரும்பிப் பார்த்து, "நீதானா அது? குரலை வச்சு செகப்பா இருப்பேன்னு நெனச்சேன்" என்றது. அக்கா இன்றுவரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். அப்பத்தாவுக்கு இன்னொரு கண்ணுக்கும் தேதி குறித்தாகிவிட்டது, இந்தத் தடவை ஆட்டைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

குறை என்று சொல்ல எதுவுமே இல்லையா என்றால், சேவையின் அமைப்பிலேயே ஒரு எல்லை உண்டு, அதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். முகாம் முக்கியமாகப் புரைக்கும் கண்ணாடிக்கும்தான். நீரழுத்த நோய் (கிளாக்கோமா), சர்க்கரையால் வரும் விழித்திரைக் கோளாறு இதெல்லாம் அங்கே கண்டுபிடிப்பார்கள், ஆனால் வைத்தியம் ஒரே பஸ் பயணத்தில் முடியாது, ஆயுசு முழுக்கப் போய்வர வேண்டும். "முகாமில் எல்லாம் சரி பண்ணிருவாங்க" என்று ஸ்பீக்கரில் சொல்லாதீர்கள். அந்த மாதிரி ஆட்களின் பெயரைத் தனி நோட்டில் எழுதிவைத்து, பக்கத்தில் அரவிந்தின் பார்வை மையம் எது என்று கேட்டு, மாதாமாதம் அனுப்புகிற வேலையை ஒருவரிடம் ஒப்படையுங்கள். 2004-இல் தொடங்கி இந்த மையங்களைச் சின்ன ஊர்களில் நிறையத் திறந்திருக்கிறார்கள், பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் கணினி வழியே அங்கேயே பார்த்துச் சொல்கிறார்.

நடத்துவது என்று முடிவு செய்துவிட்டால், உங்களுக்கு அருகிலுள்ள கிளையில் முகாம் பிரிவு என்று கேட்டுப் போங்கள், சில மாதங்களுக்கு முன்பே. தேதி குறிக்கும்போது நாலு விஷயம் பாருங்கள்: அறுவடை, ஊர்த் திருவிழா, முகூர்த்த நாள், பள்ளிக்கூடப் பரீட்சை. ஞாயிற்றுக்கிழமைதான் தோது. நூறு நாள் வேலை நடக்கிற கிழமையில் மட்டும் வைத்துவிடாதீர்கள், எந்த ஸ்பீக்கர் கட்டினாலும் ஒரு சனமும் வராது. நோட்டீஸ் அடிக்க வேண்டுமென்றால் நம்ம கடைக்கு வாங்க, முகாம் நோட்டீஸுக்குத் தாள் காசு மட்டும்தான்.